வடிநில எல்லையும் சுமைப் பங்கீடும்: டௌப்போ ஏரிப் பாதுகாப்பில் வைக்காட்டோ வட்டார மன்றத்தின் பணி

ஆய்வுச் சுருக்கம்

நியூசிலாந்தின் டௌப்போ ஏரியில் சேரும் நைட்ரஜனைக் குறைக்க வைக்காட்டோ வட்டார மன்றம் மேற்கொண்ட நடவடிக்கைகளை இக்கட்டுரை ஆராய்கிறது. நீர்வழியைத் தழுவி வகுக்கப்பட்ட ஆட்சி எல்லையும் பொதுநிதியும் அம்முயற்சிக்கு வலுச்சேர்த்தன. ஆயின், கடந்தகாலப் பயன்பாட்டையே உரிமைக்கு அளவுகோலாகக் கொண்டமை, நிலத்தைக் குறைவாகப் பயன்படுத்திய மாவோரி உடைமையாளர்மீது மிகுதியான சுமையை ஏற்றியது என்பது இக்கட்டுரையின் துணிபு.

முன்னுரை

ஆறும் ஏரியும் மாவட்ட எல்லைகளை அறியா. ஒரு நிலப்பரப்பில் பெய்யும் மழைநீர் எந்த நீர்நிலைக்கு வடிகிறதோ, அந்நீர்நிலையின் வடிநிலமாக அந்நிலப்பரப்பு கருதப்படுகிறது. நியூசிலாந்தில் 1989ஆம் ஆண்டு நிகழ்ந்த உள்ளாட்சிச் சீரமைப்பின்போது, வட்டார மன்றங்களின் எல்லைகள் பெரிதும் வடிநிலங்களை ஒட்டியே வரையப்பட்டன. 1991ஆம் ஆண்டின் வளமேலாண்மைச் சட்டம், நீரின் அளவு, நீரின் தரம், மண்வளப் பாதுகாப்பு, மாசு வெளியேற்றம் ஆகியவற்றை நெறிப்படுத்தும் கடமையை இம்மன்றங்களிடம் ஒப்படைத்தது. மன்ற உறுப்பினர்கள் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை மக்களால் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். நிலவரி விதிக்கும் அதிகாரமும் மன்றங்களுக்கு உண்டு. இவ்வமைப்பின் ஆற்றலையும் எல்லையையும் ஒருங்கே காட்டும் சான்றாக டௌப்போ ஏரி அமைகிறது.

ஏரியும் சிக்கலும்

டௌப்போ, ஏறத்தாழ 616 சதுர கிலோமீட்டர் பரப்புடையது; அந்நாட்டின் மிகப்பெரிய ஏரி. எரிமலை வெடிப்பால் உருவான பள்ளத்தில் அமைந்த இவ்வேரி, தெளிந்த நீருக்குப் பெயர்பெற்றது. நைட்ரஜன் குறைவாக இருப்பதே நுண்பாசிகளின் பெருக்கத்தைத் தடுத்து அத்தெளிவைக் காத்துவந்தது. சுற்றியுள்ள நிலங்கள் மேய்ச்சல் நிலங்களாக மாறியபின், கால்நடைகளின் சிறுநீரிலுள்ள நைட்ரஜன் நுரைக்கல் மண்ணின் வழியே கசிந்து நிலத்தடி நீரை அடையலாயிற்று.

குழாய்வழி வெளியேறும் ஆலைக்கழிவின் ஊற்றுவாயைச் சுட்டிக்காட்ட இயலும். மேய்ச்சல் நிலக் கசிவோ எண்ணற்ற இடங்களிலிருந்து கண்ணுக்குப் புலனாகாமல் வருவது. மேலும், நிலத்தடி நீர் ஏரியை அடையப் பல பத்தாண்டுகள் ஆகலாம். எனவே இன்று ஏரியில் சேரும் நைட்ரஜனில் ஒரு பகுதி முந்தைய தலைமுறையின் வேளாண்மையால் விளைந்தது. இன்றைய கசிவின் விளைவை வருந்தலைமுறையே காணும்.

மன்றத்தின் நடவடிக்கை

வட்டாரத் திட்டத்திற்கான ஐந்தாம் திருத்தத்தை மன்றம் 2005இல் அறிவித்தது. சுற்றுச்சூழல் நீதிமன்ற விசாரணைக்குப்பின் அது 2011இல் நடைமுறைக்கு வந்தது. ஏரியின் நீர்த்தரத்தை 2080ஆம் ஆண்டிற்குள் 2001ஆம் ஆண்டின் நிலைக்கு மீட்பது அதன் நோக்கம். வடிநிலம் முழுமைக்கும் நைட்ரஜன் வரம்பு விதிக்கப்பட்டது. ஒவ்வொரு பண்ணைக்கும் வெளியேற்ற உரிமையளவு வரையறுக்கப்பட்டது. ஒரு பண்ணை தனது கசிவைப் பெருக்க விரும்பினால், அதே வடிநிலத்திலுள்ள மற்றொரு பண்ணையிடமிருந்து அவ்வுரிமையைப் பெறவேண்டும்.

வரம்பு விதிப்பதால் கசிவு பெருகாதேயன்றிக் குறையாது. மேலாண்மைக்கு உட்படக்கூடிய நைட்ரஜனில் 20 விழுக்காட்டைக் குறைக்கும்பொருட்டு டௌப்போ ஏரிப் பாதுகாப்பு அறக்கட்டளை 2007இல் நிறுவப்பட்டது. நடுவண் அரசு, வட்டார மன்றம், டௌப்போ மாவட்ட மன்றம் ஆகிய மூன்றும் நிதி வழங்கின. அறக்கட்டளை பண்ணைகளிடமிருந்து உரிமையளவை விலைகொடுத்துப் பெற்று நிலையாக நீக்கியது. சில பண்ணைகளை வாங்கி, அவற்றின் பயன்பாட்டை மாற்றியது. ஆண்டுக்கு 170 டன் நைட்ரஜனைக் குறைப்பதற்கான ஒப்பந்தங்கள் 2015இல் நிறைவெய்தின. பொதுநலனுக்கான செலவு உழவர்மீது மட்டும் சுமத்தப்படாமை இதன் சிறப்பாகும்.

அளவுகோலும் நீதியும்

ஒவ்வொரு பண்ணைக்குமான உரிமையளவு, 2001 முதல் 2005 வரையிலான காலத்தில் அப்பண்ணையின் மிகுதியான ஓராண்டுக் கசிவைக்கொண்டு கணிக்கப்பட்டது. நிலத்தின் பரப்புக்கேற்ப அனைவர்க்கும் ஒத்த அளவு வழங்கியிருப்பின், இயங்கிவந்த பண்ணைகள் பல நலிவுற்றிருக்கும். திட்டத்திற்கு எதிர்ப்பும் வலுத்திருக்கும். இவ்வகையில் மன்றத்தின் தெரிவு நடைமுறை நோக்கில் ஏற்கத்தக்கதே.

எனினும் அத்தெரிவின் மறுபக்கம் கருதத்தக்கது. மிகுதியாகக் கசியவிட்டவர் மிகுதியான உரிமை பெற்றனர். காடாகவோ பண்படுத்தப்படாமலோ நிலத்தை வைத்திருந்தவர் குறைந்த உரிமையே பெற்றனர். வடிநிலத்தின் பெரும்பகுதி ஙாத்தி தூஃபாரெதோவா என்னும் மாவோரி இனக்குழுவினரின் உடைமை. கூட்டுடைமையும் அதையொட்டிய சட்டத்தடைகளும் அந்நிலங்களின் வளர்ச்சியைக் காலந்தாழ்த்தியிருந்தன. ஏரிக்குக் குறைந்த தீங்கு செய்தோரே எதிர்கால வாய்ப்பை மிகுதியாக இழக்க நேர்ந்தது. ஏரியின் அடித்தளம் 1926ஆம் ஆண்டுச் சட்டத்தால் முடியரசின் உடைமையாகி, 1992இல்தான் அவ்வினக்குழுவினருக்கு மீண்டது என்பதையும் இதனோடு இணைத்து நோக்கவேண்டும்.

கைத்தியாகித்தங்கா எனப்படும் மாவோரியரின் காப்புக் கடமையைக் கருத்திற்கொள்ளுமாறு வளமேலாண்மைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு பணிக்கிறது. அதே சட்டத்தின் 33ஆம் பிரிவு, மன்றத்தின் பணிகளை இனக்குழு அமைப்புகளுக்கு மாற்றித்தர இடமளிக்கிறது. டௌப்போ பகுதியின் நீர்த்தரக் கண்காணிப்புப் பணிகள் சிலவற்றைத் தூஃபாரெதோவா மாவோரி அறங்காவல் வாரியத்திற்கு வழங்க வைக்காட்டோ மன்றம் 2020இல் முடிவுசெய்தது. இப்பிரிவின்கீழ் இனக்குழு அமைப்பொன்றுக்குப் பணி மாற்றப்பட்டது அதுவே முதன்முறை. சட்டம் இயற்றப்பட்டு ஏறத்தாழ முப்பதாண்டுகள் கடந்தபின்னரே அவ்வாய்ப்பு பயன்படுத்தப்பட்டது. அம்மாற்றம் கண்காணிப்பில் பங்கைத் தந்ததேயன்றி, உரிமையளவுப் பங்கீட்டை மாற்றவில்லை.

முடிவுரை

நீர்வழியை ஒட்டிய எல்லை, ஒரே நீர்நிலையைச் சார்ந்த அனைவரையும் ஒரே விதியின்கீழ்க் கொணரும் ஆற்றலை மன்றத்திற்கு வழங்கியது. அவ்விதியின் சுமையை எவர் எவ்வளவு ஏற்பது என்னும் வினாவிற்கு எல்லைக்கோடு விடைதராது. அதனை அளவுகோலே தீர்மானிக்கிறது. தொடக்க ஆண்டைத் தேர்ந்தெடுப்பது கணக்கியல் செயலாகத் தோன்றினும், அதற்கு முந்தைய வரலாற்றின் ஏற்றத்தாழ்வுகள் அவ்வாண்டின் வழியே சட்டத்திற்குள் நுழைந்துவிடுகின்றன. மூன்றாண்டுக்கு ஒருமுறை தேர்தலைச் சந்திக்கும் மன்றம் 2080ஐ இலக்காகக் கொண்டது போற்றத்தக்கது. அதே தொலைநோக்கு பின்னோக்கியும் செலுத்தப்பட்டிருப்பின், ஏரியைக் காத்த விதி நிலவுடைமையாளரிடையே நடுவுநிலைமையையும் காத்திருக்கும். வடிநில அடிப்படையில் நீராளுகையைத் திட்டமிடுவோர், வரம்பை வகுக்கும் முன்னரே அளவுகோலின் வரலாற்றை ஆராய்தல் இன்றியமையாதது.