பிரிட்ஜில் மிச்சமிருக்கும் அன்டிபயோட்டிக் பாணி

"போன முறை வயிற்றோட்டத்துக்கு டொக்டர் தந்த பாணி இன்னும் பிரிட்ஜ்ல கிடக்கு. அதையே குடுக்கலாமா?" கண்டி, கட்டுகஸ்தோட்டைப் பக்கத்துத் தாய்மாரிடமிருந்து ஓயாமல் வரும் கேள்வி இது. கொடுக்க வேண்டாம். கலக்கிய பாணி சில நாட்களிலேயே வீரியம் இழந்துவிடும். அதைவிட, போன முறை வந்த கிருமிதான் இந்த முறையும் வந்திருக்கிறது என்று யார் சொன்னது?

சின்னப் பிள்ளைகளின் வயிற்றோட்டத்தில் பெரும்பங்கு வைரசால் வருவது. அன்டிபயோட்டிக்குக்கு அங்கே வேலையே இல்லை. பக்டீரியா என்றாலும் ஒரே பெயருக்குள் பல பரம்பரைகள் உண்டு. ஈ.கோலையில் பெரும்பாலானவை நம் குடலில் வம்புதும்பில்லாமல் வாழ்பவை. ஆனால் 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளை வழியாகப் பரவிய ஈ.கோலை நச்சு மரபணு ஒன்றைப் பெற்றிருந்தது. 50க்கு மேற்பட்டோர் இறந்தார்கள்; நூற்றுக்கணக்கானோருக்குச் சிறுநீரகம் பழுதானது.

நம் பக்கத்தில் கவனிக்க வேண்டியது கம்பைலோபக்டர் என்ற பக்டீரியா. கோழியின் உடற்சூடு, ஏறத்தாழ 42 பாகை செல்சியஸ், இதற்கு வெகு சுகம். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீட ஆய்வாளர்கள் நம் நாட்டு பிராய்லர் கோழிகளில் இதைக் கண்டிருக்கிறார்கள். கோழிக்கு நோய்க்குறி எதுவும் பெரும்பாலும் தெரியாது, ஆகவே இறைச்சிக்கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். இந்தக் கிருமி சுற்றிக் கிடக்கும் டீ.என்.ஏ. துண்டுகளைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் இதில் இத்தனை வகை. ஒரு வகைக்குப் பிள்ளையின் உடல் தேடிக்கொண்ட எதிர்ப்பு இன்னொரு வகைக்குப் போதாமல் போகலாம். மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறினாலே சிப்ரோஃபுளொக்சசின் என்ற அன்டிபயோட்டிக் பலிக்காது. அந்தக் குடும்பத்து மருந்தான என்ரோஃபுளொக்சசினைக் கோழிகளுக்குக் கொடுப்பதை அமெரிக்கா 2005இல் நிறுத்தியதும் இதனால்தான்.

இனி குசினிக்கு வருவோம். கோழியைக் குழாயடியில் பிடித்துத் தேசிக்காயும் மஞ்சளும் போட்டு அலசுவது நம் வழக்கம். தெறிக்கும் துளி பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த பிள்ளையின் கோப்பையிலும் விழும். கழுவியே ஆக வேண்டுமென்றால் பாத்திரத்துக்குள் மெதுவாகக் கழுவி, அந்தத் தண்ணீரைச் சிந்தாமல் ஊற்றுங்கள். கோழி வெட்டிய பலகையில் சம்பலுக்கு வெங்காயம் அரியாதீர்கள். என் கணக்கில் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு இதுதான். கறி நன்றாக வெந்தால் கிருமி செத்துவிடும், பச்சையாகத் தின்னும் வெங்காயத்தில் ஒட்டியது சாகாது. முற்றத்தில் கோழி மேயும் வீடுகளில் தவழும் பிள்ளையின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிடுங்கள். பீலித் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுங்கள்.

வயிற்றோட்டம் தொடங்கிவிட்டால், எந்தக் கிருமியானாலும் முதல் மருந்து ஜீவனி உப்புக் கரைசல்தான். பக்கற்றில் சொன்ன அளவு கொதித்தாறிய நீரில் முழுப் பக்கற்றையும் கரையுங்கள். பாதி பாதியாகப் பிரித்தால் உப்பின் அளவு பிசகும். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் ஒவ்வொரு முறை போனதும் 50 முதல் 100 மில்லிலீற்றர், மூத்த பிள்ளைக்கு 100 முதல் 200. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். தெம்பிலி நல்லதுதான், ஆனால் அதில் சோடியம் குறைவு, ஜீவனிக்குப் பதிலாகாது. வயிற்றோட்டத்தை நிறுத்தும் குளிசை பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது.

மலத்தில் இரத்தம், குழிந்த கண், சிறுநீர் போகாமை, சோர்ந்து கிடத்தல், குடித்ததெல்லாம் வாந்தியாவது, கைக்குழந்தைக்குக் காய்ச்சல்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காமல் பேராதனை சிறுவர் வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்கோ கொண்டுபோங்கள். இரத்தம் போகும் பிள்ளைக்கு அன்டிபயோட்டிக் தேவையா என்பதை டொக்டர் முடிவு செய்யட்டும், ஈ.கோலையின் சில வகைகளுக்கு அது ஆபத்தைக் கூட்டக்கூடும். மலப் பரிசோதனை எழுதித் தந்தால் மருந்து தொடங்குமுன் மாதிரியைக் கொடுங்கள். வீட்டில் கோழி வளர்ப்பதையும் அங்கே சொல்லுங்கள், கம்பைலோபக்டரை வளர்த்துப் பார்க்க ஆய்வுகூடத்தில் தனி ஏற்பாடு வேண்டும்.