இன்ஜின் வேலை பார்த்த வண்டி மறுபடி நின்றால் பொறுப்பு யாருக்கு?



சரக்கில் நட்டம் வந்தால் அடுத்த கொள்முதலில் ஈடுகட்டிக்கொள்ளலாம். சரக்கு ஏற்றும் வண்டி நின்றால் அன்றைய வியாபாரமே நின்றுவிடும். வில்லியனூர், பாகூர் பக்கம் நம் உறுப்பினர்களில் பலர் சொந்தமாக மினி வேனோ லோடு ஆட்டோவோ வைத்திருக்கிறோம். என்றாவது ஒரு நாள் அதன் இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்க வேண்டி வருகிறது. செலவோ பெரிது. அந்த வேலை ஒரு மாதம்கூடத் தாங்காமல் போனால் யாரைக் கேட்பது? இதைத்தான் இம்முறை பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

எங்களுக்கு நேர்ந்தது

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மொத்தக் கடை வேன் புகை கக்கத் தொடங்கியது. மெக்கானிக் இன்ஜினை இறக்கினார். கிராங்க் கிரைண்டிங்கும் ரீபோரும் லேத் பட்டறையில் நடந்தன. பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாவற்றையும் நாங்களே வாங்கிக் கொடுத்தோம். விலை குறையும் என்று பில் போடாமல் வாங்கினோம்.

பதினெட்டாம் நாள் அரிசி மூட்டையோடு பாகூர் போகும்போது கரிக்கலாம்பாக்கம் அருகே ஆயில் விளக்கு எரிந்தது. "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று டிரைவர் ஓட்டினார். தட்டல் சத்தம் கேட்டது, வண்டி நின்றது.

மெக்கானிக் பேரிங் மட்டம் என்றார். உதிரிபாகக் கடைக்காரர், "எங்களிடம் வாங்கியதற்கு என்ன அத்தாட்சி?" என்றார். லேத்காரர், "அளவு சரி, கழுவி மாட்டினாரா என்று கேளுங்கள்" என்றார். மூவரும் ஒரே குரலில் சொன்னது ஒன்றுதான்: "ஓவர்லோடு."

நல்ல வேளையாக, இன்ஜினை அவசரப்பட்டுப் பிரிக்க விடவில்லை. மூவரையும் வரவழைத்து, அந்த வேலையில் சம்பந்தப்படாத மூத்த மெக்கானிக் ஒருவரைக் கொண்டு எல்லோர் கண்ணெதிரிலும் பிரித்தோம். பேரிங் அத்தனையிலும் ஒரே மாதிரிக் கீறல். சம்ப் ஆயிலைத் துணியில் வடித்தால் நறநறவென்று பொடி. கிராங்கின் எண்ணெய்த் துளைகளில் கிரைண்டிங் பொடி அப்படியே அடைந்திருந்தது. லேத்காரர் மெக்கானிக் கழுவுவார் என்று இருந்தார். மெக்கானிக் லேத்திலேயே கழுவி வந்தது என்று இருந்தார்.

ஒரு வாரமாக நாங்கள் திட்டிக்கொண்டிருந்த உதிரிபாகக் கடைக்காரர் மேல் குற்றமே இல்லை. எங்கள் மேல் இருந்தது. முதல் வாரமே முழு லோடு ஏற்றினோம், விளக்கு எரிந்தும் ஓட்டவிட்டோம். கடைசியில் லேத்காரர் கூலியில்லாமல் மறுபடி கிரைண்டிங் செய்தார், மெக்கானிக் கூலியில்லாமல் மாட்டினார், சாமான் செலவு எங்களுடையது. இன்றும் அதை நியாயமான முடிவாகவே நினைக்கிறோம்.

கெட்டுப்போன சாமானே சாட்சி

1. பேரிங் எல்லாவற்றிலும் ஒரே மாதிரிக் கீறல் இருந்தால், பெரும்பாலும் உள்ளே தூசியோ பொடியோ தங்கிய குற்றம்.
2. ஒரே ஒரு பேரிங் மட்டும் கருகியிருந்தால், அதற்குப் போகும் எண்ணெய் வழியையும் அதன் இடைவெளி அளவையும் பார்க்க வேண்டும்.
3. பிஸ்டன் நாலாபக்கமும் உரசியிருந்தால், இன்ஜின் சூடேறியிருக்கலாம், அல்லது போர் இறுக்கமாக இருந்திருக்கலாம். ரேடியேட்டரையும் போர் அளவையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.
4. பிஸ்டன் தலை உருகியோ ஓட்டை விழுந்தோ இருந்தால், டீசல் இன்ஜினில் முதலில் இன்ஜெக்டரையும் பம்ப் டைமிங்கையும் சோதிக்க வேண்டும்.
5. மேல் ரிங்கும் லைனரின் மேற்பகுதியும் சீக்கிரம் தேய்ந்திருந்தால், ஏர் ஃபில்டர் வழியே புழுதி போயிருக்கிறது.

எனவே தனியாகப் பிரிப்பது சாட்சியை நாமே அழிப்பதற்குச் சமம்.

யார் யாருக்கு எந்தப் பொறுப்பு?

லேத் பட்டறைக்கு அளவு பொறுப்பு. கிராங்க்கை 0.25 மி.மீ. எடுத்தாரா, 0.50 மி.மீ. எடுத்தாரா என்று எழுதித் தரவேண்டும். அந்த அளவுக்கேற்ற பேரிங்தான் பொருந்தும்.

உதிரிபாகக் கடைக்குச் சாமானின் தரம் பொறுப்பு. எந்த வண்டிக்கு, எந்த அளவு என்று சொல்லி, அவர் தேர்வை நம்பி வாங்கினால், அந்த உபயோகத்துக்குச் சாமான் பொருந்த வேண்டும் என்பது 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்திலேயே இருக்கிறது.

மெக்கானிக்குக் கழுவுவது, அளவைச் சரிபார்ப்பது, போல்ட்டை உரிய அளவில் முறுக்குவது, ஆயில் பம்பைச் சோதிப்பது ஆகியவை பொறுப்பு. மட்டமான சாமானை நாமே வாங்கிக் கொடுத்தாலும், "இது ஆகாது" என்று சொல்வது அவர் கடமை.

உரிமையாளருக்கு, அதாவது நமக்கு, ஓட்டும் முறை பொறுப்பு. ஆரம்ப நாட்களில் குறைந்த லோடு, தயாரிப்பாளர் புத்தகத்தில் சொன்னபடி முதல் ஆயில் மாற்றம், தண்ணீர், ஆயில் கவனிப்பு.

சட்டம் என்ன சொல்கிறது?

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறை ஏற்பட்ட இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் தரலாம். நாம் குடியிருக்கும் ஊருக்குரிய ஆணையத்திலேயே தரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை.

ஆனால் வியாபாரிக்கு இங்கே ஒரு முடிச்சு உண்டு. வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். கோவை பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டுக்கு எதிராக லட்சுமி இன்ஜினீயரிங் ஒர்க்ஸ் ஓர் இயந்திரம் பற்றித் தொடுத்த வழக்கில், 1995இல் உச்ச நீதிமன்றம் வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், பிழைப்புக்காக ஆட்டோவையோ லாரியையோ வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோரே என்றும் விளக்கியது. ஆகவே நான்கு வண்டியும் டிரைவர்களும் வைத்திருக்கும் மொத்த வியாபாரியை, "நீர் நுகர்வோரா?" என்றுதான் எதிர்த்தரப்பு முதலில் கேட்கும். அவருக்கு உரிமையியல் நீதிமன்றமே வழி. வக்கீலைக் கலந்துகொள்வது நல்லது.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். ஒப்புக்கொண்ட வேலையை முடித்த பட்டறைக்காரர், கூலி கிடைக்கும்வரை வண்டியைத் தன்னிடம் நிறுத்திவைக்க 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 170ஆம் பிரிவு இடம் தருகிறது. சண்டை போட்டு வண்டியை இழுத்து வரலாம் என்று எண்ண வேண்டாம்.

வேலை கொடுக்கும் முன்

1. யார் என்ன வேலை, யார் கழுவுவது, எத்தனை நாள் உத்தரவாதம் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.
2. சாமானுக்குப் பில் வாங்குங்கள். வேலை முடிந்து சில மாதம்வரை அட்டைப்பெட்டிகளையும் பழைய சாமான்களையும் வைத்திருங்கள்.
3. லேத் அளவுச் சீட்டைப் பில்லோடு சேர்த்து வையுங்கள்.
4. டிரைவரிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: ஆயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்த வேண்டும்.
5. கோளாறு வந்தால் உடனே எழுத்தில் தெரிவித்து, எல்லோரும் இருக்கும்போதே பிரியுங்கள்.

வியாபாரிகளாகிய நாம், பில் இல்லாத சரக்கைத் திருப்பிக் கொண்டுவரும் வாடிக்கையாளரை என்ன கேட்கிறோம்? "பில் எங்கே?" என்றுதானே? அந்தக் கேள்வி ஒருநாள் நம்மிடமே திரும்பி வரும். பதிலைக் கையில் வைத்துக்கொள்வோம்.