ரோல் பாரா, ஹார்னஸ் பாரா, சேஸ் வேலையா? பழைய ஹெரால்டின் ஆட்டத்தை நிறுத்த ஒரு வழிகாட்டி

"பின்னால ஒரு பைப்பை வளைச்சுப் போட்டுடலாம் சார், ஆட்டம் நின்னுடும்."

பழைய திறந்த கார் ஒன்றைப் பட்டறைக்கு ஓட்டிப்போய், பள்ளத்தில் இறங்கினால் கதவு கீச்சிடுகிறது, ஸ்டீயரிங் உதறுகிறது என்று சொன்னால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான். வடசென்னையில் கத்திவாக்கத்திலிருந்து திருவொற்றியூர் வரை கைதேர்ந்த வெல்டர்களுக்குப் பஞ்சமில்லை. லாரி சேஸையும் கன்டெய்னர் டிரெய்லரையும் அன்றாடம் ஒட்டுகிறவர்கள் அவர்கள். இரண்டு சீட்டுக்குப் பின்னால் ஒரு வளைவு போடுவது அவர்களுக்குச் சின்ன வேலை. ஆனால் அந்த வளைவால் மட்டும் ஆட்டம் நிற்காது. தவறான வகையைத் தேர்ந்தெடுத்தால் ஓட்டுகிறவரின் உயிருக்கே அது ஆபத்து. ஆகவே எந்தக் கம்பி எந்த வேலைக்கு என்று தெரிந்துகொண்டு பட்டறைக்குள் நுழைவது நல்லது.

பேச்சுக்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டையே எடுத்துக்கொள்கிறேன். வடசென்னையில் கார் பூட்டிய கதை 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸோடு ஆரம்பிக்கிறது. எண்ணூரில் அவர்கள் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி இறக்கினார்கள். 1955இல் நிறுவனம் அசோக் லேலண்ட் ஆனது, எண்ணூர் லாரி ஊர் ஆகிவிட்டது. சென்னையின் சொந்தக் கார் என்ற பெயரை அதன்பின் வாங்கியது, வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் செய்த ஹெரால்டு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் செங்குன்றத்துக்கு அப்பால் பழைய விமான ஓடுதளத்தில் நடத்திய சோழவரம் பந்தயங்களில் ஹெரால்டுகளும் ஃபியட்டுகளும் சீறிய நினைவு இந்த வட்டாரத்துப் பெரியவர்களுக்கு இன்னும் இருக்கிறது. டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் 1962இல் வந்தபோது, ஹெரால்டின் சேஸைக் குறுக்கித்தான் அதைக் கட்டினார்கள். ஹெரால்டைப் புரிந்துகொண்டவருக்கு ஸ்பிட்ஃபயரும் பாதி புரிந்த மாதிரி.

1959இல் பிரிட்டனில் ஹெரால்டு வந்த சமயம், மற்ற சிறிய கார்கள் பாடியையே சேஸாக ஆக்கிக்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்குப் பாடி செய்து தந்த தொழிற்சாலை போட்டி நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டதால், அவர்கள் தனி சேஸுக்கே திரும்பினார்கள். நடுவில் முதுகெலும்பு மாதிரி இரண்டு பெட்டிச் சட்டங்கள், அவற்றிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள். மேலே பானெட், முன்பாடி, பின்பாடி, கூரை என்று தனித்தனித் துண்டுகளைப் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். கூரையைக்கூடக் கழற்றிவிடலாம். ரிப்பேருக்கு இதைவிட வசதியான அமைப்பு கிடையாது. ஆனால் கூரையைக் கழற்றியதும் முறுக்கைத் தாங்கும் பொறுப்பு முழுவதும் கீழே உள்ள சேஸின் தலையில் விழுகிறது. முன்பாடிக்கும் பின்பாடிக்கும் நடுவே கதவு வாசல் என்ற பெரிய ஓட்டை. கார் முறுகுவது அந்த வாசலில்தான்.

இதை மனதில் நிறுத்திக்கொண்டு ரோல் பாரைப் பாருங்கள். அது சீட்டுக்குப் பின்னால், இடமிருந்து வலமாக நிற்கும் வளைவு. பின்பாடியின் இரண்டு ஓரங்களையும் அது கட்டும். முன்பாடியை அது தொடுவதே இல்லை. பந்தல்காரர் நாலு கால் நட்டுக் குறுக்கே மூங்கிலைக் கட்டியதும் பந்தலைப் பிடித்து ஆட்டினால் ஆடும். மூலைக்கு மூலை ஒரு சாய்வு மூங்கில் கட்டியபிறகுதான் நிற்கும். கதவு வாசலுக்கு அந்தச் சாய்வு மூங்கிலை ரோல் பார் தருவதில்லை. தருவது கதவை ஒட்டி ஓடும் கம்பியும் சேஸின் பக்கக் கைகளும்தான்.

எனவே எந்தக் கம்பிக்கும் முன் சேஸைப் பாருங்கள். கத்திவாக்கத்தில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் எண்ணூர்க் கழிமுகம். உப்புக்காற்று வருடம் முழுவதும் அடிக்கிறது. அதோடு அனல்மின் நிலையச் சாம்பலும் கலந்து, பெட்டிச் சட்டங்களுக்குள் புகுந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வெளியே பெயிண்ட் பளபளக்கும், உள்ளே தகடு காகிதமாகியிருக்கும். சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், துரு தின்ற இடம் மொத்தென்று சொல்லும். மொத்தென்ற இடத்தில் ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்திப் பாருங்கள். ஹெரால்டில் முதலில் போவது பக்கக் கைகளின் நுனியும், பாடி உட்காரும் இடங்களும். அங்கே உள்ள ரப்பர், பேக்கிங் எல்லாம் நசுங்கியிருந்தால், போல்ட் இறுக்கமாக இருந்தும் பாடி சேஸின் மேல் தனியாக ஆடும். துரு பிடித்த துண்டை வெட்டி அதே அளவில் புதுத் தகடு வைத்து, பேக்கிங் மாற்றி, போல்ட்டை முறுக்கியதுமே பாதிப் புகார் போய்விடும் கார்கள் நிறைய உண்டு.

ஆட்டத்தை அளக்கவும் வேண்டும். பின்சக்கரங்களைத் தாங்கும் இடத்தில் சேஸை இரண்டு ஸ்டாண்டில் உறுதியாகக் கட்டிவிடுங்கள். முன்னால் நடுவில் ஒரே ஒரு தாங்கி. முன் சேஸின் குறுக்கே நீளமான பைப்பைக் கட்டி, நடுவிலிருந்து 1 மீட்டர் தள்ளி 50 கிலோ எடையைத் தொங்கவிட்டால், சேஸின் மேல் கிட்டத்தட்ட 490 நியூட்டன் மீட்டர் முறுக்கு விழும். நடுவிலிருந்து 60 சென்டிமீட்டரில் டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். முள் 5.2 மில்லிமீட்டர் நகர்ந்தால் சேஸ் அரைப் பாகை முறுகியிருக்கிறது; அதாவது ஒரு பாகைக்கு 980 நியூட்டன் மீட்டர். வேலைக்கு முன்னும் பின்னும் இதே அளவை எடுத்தால், எந்தக் கம்பிக்குக் கொடுத்த காசு பலித்தது என்று யாரையும் கேட்க வேண்டாம். டயல் கேஜ் இல்லாதவர்கள் ஒரு முன் மூலையை மட்டும் ஜாக்கியில் தூக்கி, கதவின் மேல் இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கலாம். அதுவே நிறையச் சொல்லும்.

இனித் தேர்வுக்கு வருவோம்.

ஹார்னஸ் பார் என்பது தோள் உயரத்தில் குறுக்கே ஓடும் ஒற்றைக் கம்பி. நாலு முனை பெல்ட்டின் தோள்பட்டைகளை மாட்ட ஓர் இடம் வேண்டும், அதுதான் அதன் வேலை. பட்டை தோளிலிருந்து பின்னோக்கிக் கிட்டத்தட்ட மட்டமாகப் போக வேண்டும். 10 பாகைக்குள் இறங்கினால் நல்லது, 45 பாகையைத் தாண்டக் கூடாது. தரையில் மாட்டினால் மோதும்போது பட்டை தோளைக் கீழே இழுத்து முதுகெலும்பை நசுக்கும். கம்பியின் தேவை அந்த அளவுக்கு உண்மையானது. ஆனால் சேஸ் விறைப்புக்கு அதனால் பயன் இல்லை என்றே சொல்லலாம். அதைவிட முக்கியம், கார் கவிழ்ந்தால் அது தலையைக் காக்காது. சாதாரண மூன்று முனை பெல்ட் மாட்டியவரின் உடம்பு கூரை அமுங்கும்போது ஒருபக்கமாகச் சாய இடமுண்டு. நாலு முனை பெல்ட் அவரை நிமிர்த்திக் கட்டி வைத்துவிடும். கூரையோ தரையோ நேரே தலைக்கு வரும். தலைக்கு மேல் வளைவு இல்லாமல் ஹார்னஸ் பாரை மட்டும் போடுவதை நான் எந்தக் காருக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ரோல் பார் உயிர்காப்பதற்கு. ஹெரால்டுக்கு அது கூடுதலாகப் பொருந்தும் காரணம் ஒன்று உண்டு. அதன் பின்சக்கரங்கள் ஸ்விங் ஆக்சிலில் தொங்குகின்றன. வேகமாகத் திரும்பும்போது ஆக்சிலேட்டரை விட்டால் வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கி, காரின் பின்புறத்தைத் தூக்கிவிடும். 1972இல் வந்த ஸ்டாண்டர்டு கெஸலில் அதை மாற்றி ஒற்றை இரும்பு ஆக்சில் வைத்தார்கள், அந்த ஆபத்து குறைந்தது. ஹெரால்டை டிராக்கில் ஓட்ட ஆசைப்படுகிறவர் வளைவு இல்லாமல் இறங்கக் கூடாது. வளைவு ஹெல்மெட் அணிந்த தலையைவிடக் குறைந்தது 5 சென்டிமீட்டர் உயரம் இருக்கட்டும். பின்னோக்கி இரண்டு தாங்கு கம்பிகளும் வளைவுக்குள் ஒரு சாய்வுக் கம்பியும் அவசியம். இவை இல்லாத வெறும் வளைவு, கார் புரளும்போது பக்கவாட்டிலோ பின்னாலோ சாய்ந்துவிடும். தோள்பட்டைக்கான குறுக்குக் கம்பியையும் இதற்குள்ளேயே சேர்த்துவிட்டால் ஹார்னஸ் பாரின் வேலையும் முறைப்படி முடிகிறது. இந்த அமைப்பு பின்பாடியை விறைப்பாக்கும். ஆனால் கதவு வாசலின் முறுக்கில் தெரியும் வித்தியாசம் கொஞ்சம்தான்.

வாசலையும் சேர்த்துக் கட்டுவது முழு கேஜ், அதாவது கம்பிக் கூண்டு. முன் கண்ணாடித் தூணோரம் இறங்கும் கம்பிகளும் கதவை ஒட்டிய கம்பிகளும் முன்பாடியைப் பின்பாடியோடு பிணைக்கின்றன. விறைப்பு என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் இதற்கு இணை எதுவும் இல்லை. ஆனால் ரோட்டில் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டும் காரில், தலையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இரும்புக் கம்பி இருப்பது பெரிய அபாயம். சிறிய இடியில்கூட மண்டை அதில் மோதும். இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கென்றே ஒதுக்கிய காருக்குக் கேஜ் போடுங்கள். குடும்பத்தோடு பழவேற்காடு போய்வரும் காருக்கு வேண்டாம். பின்சீட்டில் யாராவது உட்காரும் காருக்கு வெறும் ரோல் பாரும் அதே காரணத்தால் வேண்டாம்.

பைப் விஷயத்தில் சமரசம் கூடாது. சர்வதேசப் பந்தய விதி முதன்மை வளைவுக்குக் கேட்பது, குளிர்நிலையில் இழுத்த சீம்லெஸ் கார்பன் ஸ்டீல் பைப். 45 மில்லிமீட்டர் விட்டத்தில் 2.5 மில்லிமீட்டர் தடிமன், அல்லது 50க்கு 2. மற்றக் கம்பிகளுக்கு 38க்கு 2.5 போதும். விட்டம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு: 2.5 தடிமனிலேயே 38ஐ விட 45 பைப் மீட்டருக்கு 20 சதவீதம்தான் கனம் கூடுதல், வளையாமல் தாங்கும் விறைப்போ 70 சதவீதம் கூடுதல். 25 மில்லிமீட்டர் கெட்டிக் கம்பி அந்த 45 பைப்பைப்போல் ஒன்றரை மடங்கு கனம், விறைப்பில் கால்வாசி. எனவே "கெட்டிக் கம்பியே போடலாம், ஸ்டிராங்கா இருக்கும்" என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். தண்ணீர்க் குழாய்க்கான ஜி.ஐ. பைப் அறவே கூடாது. வளைக்கும் இடத்தில் நசுங்கும், வெல்டிங்கில் கிளம்பும் துத்தநாகப் புகை வெல்டருக்குக் காய்ச்சல் வரவைக்கும். செம்புதாஸ் தெருவில் பைப் வாங்கும்போது டெஸ்ட் சர்டிபிகேட்டைக் கேட்டு வாங்குங்கள்.

மாட்டும் இடமும் அதே அளவுக்கு முக்கியம். ஹெரால்டின் தரைத்தகடு மெல்லியது. வளைவின் காலை அதன்மேல் மட்டும் நிறுத்தினால், கவிழும்போது கால் தகட்டைக் கிழித்துக்கொண்டு இறங்கும். தகட்டுக்கு அடியில் 3 மில்லிமீட்டர் தடிமனில் 120 சதுர சென்டிமீட்டர் பிளேட் வைத்து, ஒரு காலுக்கு மூன்று எம்8 போல்ட், 8.8 தரத்தில், இறுக்குவது பந்தய விதியின் குறைந்தபட்சம். தனி சேஸ் உள்ள காரில் அதோடு நிற்காமல், பாடி உட்காரும் இடத்தின் வழியாகக் காலைச் சேஸ் கையோடும் பிணைக்க வேண்டும். அப்போதுதான் விறைப்பு சேஸுக்குப் போய்ச் சேரும். பைப்பின் முனைகளை முழுவதும் அடைத்து வெல்டு செய்யச் சொல்லுங்கள். திறந்திருந்தால் நம் உப்புக்காற்று உள்ளே குடியேறிவிடும். பிளேட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே பெயிண்ட் அடித்த பிறகே இறுக்க வேண்டும். சேஸ் சட்டத்தை வெட்டும் வேலை இருந்தால் கார் தன் சக்கரங்களில் சமமாக நிற்கட்டும், கதவு வாசலுக்குக் குறுக்கே தற்காலிகக் கம்பியும் வையுங்கள். இல்லாவிட்டால் கோணிப்போன நிலையிலேயே சேஸ் விறைப்பாகிவிடும், பிறகு கதவு என்றைக்கும் சரியாக மூடாது. பெட்ரோல் டேங்க் டிக்கிக்குள் இருப்பதால், அதைக் கழற்றி வெளியே வைக்காமல் வெல்டிங்கைத் தொடவிடாதீர்கள்.

கடைசியாகச் சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த மூல அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதற்குத் தடை போடுகிறது. உச்ச நீதிமன்றம் 2019இல் அதை உறுதியாகவே சொல்லிவிட்டது. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் வாகன விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிக்கு 'விஏ' எழுத்துள்ள தனிப் பதிவு எண் கிடைக்கும். அதற்கான நிபந்தனை, சேஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது. எல்லா ஹெரால்டுகளும் இன்று அந்த வயதைத் தாண்டியவை. துருப்பிடித்த பக்கக் கையைப் பழைய வடிவத்திலேயே மாற்றுவதை நான் பழுதுபார்ப்பு என்றே கருதுகிறேன். புதுக் கம்பிகளைச் சேஸோடு வெல்டு செய்வது வேறு கதை.

அதனால் ரோட்டுக்கும் கண்காட்சிக்கும் மட்டும் போகும் ஹெரால்டுக்கு என் பரிந்துரை: சேஸ் பழுது, புது பேக்கிங், நல்ல மூன்று முனை பெல்ட். கம்பி எதுவும் வேண்டாம். எப்போதாவது டிராக்கில் இறக்கும் ஆசை இருந்தால், சாய்வுக் கம்பியும் பின்தாங்கிகளும் கொண்ட, போல்ட்டில் கழற்றி மாட்டக்கூடிய ரோல் பார். முழு கேஜை, ஆர்.சி.யைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லாத பந்தயக் காருக்கு விட்டுவிடுங்கள்.