லொறியில் ஏறி வரும் நோய்: மேய்ச்சல் வாத்துகள் தரும் வியாபாரப் பாடம்

விலை திடீரென்று இறங்கினால் வாங்கிப் போடு என்பது வியாபாரத்தில் நாம் முதலில் கற்கும் பாடம். இருபது வருடங்களுக்கு முன்னர் நானும் அப்படித்தான் ஒரு பண்ணையில் 400 கோழிகளைப் பாதி விலைக்கு வாங்கினேன். தீன் விலை கட்டுப்படியாகவில்லை என்றார் பண்ணைக்காரர். கோழிகளும் பார்வைக்கு நன்றாகவே இருந்தன. மறுநாள் அதே லொறியில், அதே கூடுகளோடு இன்னொரு பண்ணைக்குச் சரக்கேற்றப் போனேன். பத்து நாட்களுக்குள் அந்தப் பண்ணையில் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. ராணிக்கெட் நோய் என்றார் கால்நடை வைத்தியர். கடன் வாங்கிப் பண்ணை போட்டிருந்த அந்த மனிதர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

அது பறவைக் காய்ச்சல் அல்ல. ஆனால் பறவைக் காய்ச்சல் பரவும் விதத்தைப் பின்னர் வாசித்தபோது என் லொறிதான் நினைவுக்கு வந்தது. இதை விளங்கிக்கொள்ளத் தாய்லாந்தின் அனுபவத்தை விடச் சிறந்த பாடம் இல்லை.

மத்திய தாய்லாந்தில், சுபான்புரி போன்ற மாகாணங்களில், ஆயிரக்கணக்கான வாத்துகளை (நம்மில் பலர் தாரா என்போம்) ஒரே மந்தையாக வளர்ப்பார்கள். அறுவடை முடிந்த வயலில் இறக்கிவிட்டால் சிந்திய நெல், நத்தை, பூச்சி எல்லாவற்றையும் அவை தின்று தீர்க்கும். ஒரு வயல் முடிந்ததும் லொறியில் ஏற்றி அறுவடை நடக்கும் அடுத்த இடத்துக்குக் கொண்டுபோவார்கள். தீன் செலவு மிச்சம். வயல்காரருக்கும் பூச்சித் தொல்லை குறையும். கணக்குப் பார்த்தால் அருமையான தொழில்.

2004 ஜனவரியில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் தாய்லாந்தில் உறுதியானது. கோழிக்கு இந்த நோய் வந்தால் ஓரிரு நாட்களில் பண்ணையே செத்துவிடும், எல்லோருக்கும் தெரிந்துவிடும். வாத்து அப்படியல்ல. பல வாத்துகள் எந்த அறிகுறியும் காட்டாமல் கிருமியை எச்சத்தின் வழியாக வெளியேற்றும். எச்சம் வயல் நீரில் கலக்கும். அந்த நீரில் வீட்டுக்கோழி வாய் வைக்கும், காட்டுப் பறவை இறங்கும். மந்தையோ அடுத்த மாவட்டத்துக்குப் போயிருக்கும். மரியுஸ் ஜில்பேர்ட் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, நோய் கண்ட இடங்கள் மேய்ச்சல் வாத்துகள் அதிகமுள்ள இடங்களோடுதான் நெருக்கமாகப் பொருந்தின. பெரிய கோழிப் பண்ணைகள் உள்ள இடங்களோடு அந்தளவுக்குப் பொருந்தவில்லை.

நட்டம் யாருக்கு? 6 கோடிக்கு மேற்பட்ட பறவைகள் செத்தன அல்லது அழிக்கப்பட்டன. 2004 முதல் 2006 வரை 25 பேருக்கு நோய் தொற்றி 17 பேர் மரணமானார்கள். பச்சைக் கோழி இறைச்சியை வாங்கிவந்த ஐரோப்பிய ஒன்றியமும் ஜப்பானும் கதவை மூடின. ஐரோப்பா அதைத் திறந்தது 2012இல், ஜப்பான் 2013இல். வாத்துக்காரர் மிச்சம் பிடித்த தீன் செலவை முழு நாடும் கட்ட வேண்டியதாயிற்று. சமைத்த இறைச்சியின் ஏற்றுமதிக்கு மாறிய கம்பனிகளே தாக்குப்பிடித்தன.

கட்டுப்படுத்தியது எப்படி? 2004 ஒக்டோபரில் கிராமத் தொண்டர்களையும் சேர்த்துக்கொண்டு வீடு வீடாகத் தேடுதல் நடத்தினார்கள். வாத்து மந்தைகளைச் சோதித்தார்கள். அனுமதியின்றி மந்தையை இடம் மாற்றுவதைத் தடுத்தார்கள். அடைத்து வளர்ப்பதற்கு மாற உதவினார்கள். அடுத்த வருடங்களில் நோய் வெகுவாகக் குறைந்தது. ஆக, மந்தையின் பயணத்தைக் கட்டுப்படுத்தியது பெரிய பலனைத் தந்தது.

இது தூரத்து நாட்டுக் கதை என்று எண்ண வேண்டாம். வயலில் வாத்து மேய்க்கும் கேரளத்துக் குட்டநாட்டுப் பகுதியில் 2014, 2016, 2021, 2024 எனப் பறவைக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தது.

கோழி, வாத்து, முட்டை வியாபாரம் செய்யும் சகோதரர்கள் கவனிக்க வேண்டியவை:

1. கூடு, முட்டைத் தட்டு, லொறித் தட்டு ஆகியவற்றை முதலில் சவர்க்காரத் தண்ணீரால் எச்சம் போகக் கழுவுங்கள். அதன் பிறகே கிருமிநாசினி தெளித்து வெயிலில் காய விடுங்கள். எச்சத்தின் மேல் மருந்து தெளிப்பது வீண்.

2. ஒரே பயணத்தில் பண்ணை பண்ணையாக ஏறி இறங்காதீர்கள். வாசலிலேயே சரக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

3. வாத்தையும் கோழியையும் ஒரே கூட்டிலோ ஒரே லொறியிலோ அடைக்காதீர்கள்.

4. பாதி விலைக்குத் தருகிறார் என்றால், இந்த வாரம் எத்தனை செத்தன என்று முதலில் கேளுங்கள். பதில் தடுமாறினால் வெறுங்கையோடு திரும்புங்கள்.

5. சாவு கண்டால் உடனே கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். மறைத்து விற்றால் நோய் ஊரெல்லாம் பரவும்.

நன்றாக வேக வைத்த இறைச்சியிலும் முட்டையிலும் இந்தக் கிருமி உயிரோடிருக்காது. எனவே வாடிக்கையாளரைப் பீதிக்குள்ளாக்கத் தேவையில்லை. உண்மையைச் சொன்னால் போதும்.

குறையை மறைத்து விற்கக் கூடாது என்பது நமக்குப் புதிய பாடமல்ல. ஆனால் கண்ணுக்குத் தெரியாத குறையும் உண்டு. அதை விற்பவரும் அறியமாட்டார், வாங்குபவரும் அறியமாட்டார். லொறியைக் கழுவ அன்று எனக்கு ஒரு மணித்தியாலம் போதுமாயிருந்தது. அந்த ஒரு மணித்தியாலத்தை மிச்சம் பிடித்தேன். விலையைக் கட்டியவர் இன்னொருவர்.