யூத இடுகாட்டுக்கு வயது சொல்வது எப்படி?

அன்புள்ள யாழினிக்கு,

இடைக்கால இங்கிலாந்தில் 1177 வரை யூதர்களுக்கென்று ஒரே ஓர் இடுகாடுதான் இருந்தது. அது லண்டன் மதிலுக்கு வெளியே இருந்தது. எந்த ஊரில் இறந்தாலும் உடலை அங்கேதான் கொண்டுவர வேண்டும். அந்த ஆண்டில் இரண்டாம் ஹென்றி மன்னர் மற்ற ஊர்களிலும் இடுகாடு அமைத்துக்கொள்ள அனுமதி தந்தார். 1290இல் முதலாம் எட்வர்ட் யூதர் அனைவரையும் நாட்டைவிட்டே வெளியேற்றினார். ஆகவே லண்டனுக்கு வெளியே அக்கால யூத இடுகாடு ஒன்று கிடைத்தால், மண்வெட்டியைத் தொடுமுன்பே அதன் காலம் 113 ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும். தொல்லியலில் இப்படி வாய்ப்பது அபூர்வம். ஆனால் அந்த எல்லைக்குள் எந்தக் குழி முந்தியது, எது பிந்தியது என்று கேட்டால் ஆவணங்களில் பதில் இல்லை.

யார்க் நகரின் ஜூபரி இடுகாடு இதற்கு நல்ல சான்று. அங்கே பல்பொருள் அங்காடி கட்டுவதற்கு முன் 1982–83இல் அகழாய்வு நடந்தது. ஏறத்தாழ 500 பேரின் எலும்புகள் வெளிப்பட்டன. குழிகள் வரிசை வரிசையாக, நெருக்கமாக, ஆனால் ஒன்றையொன்று வெட்டாமல் இருந்தன. கிறிஸ்தவக் கல்லறைகளில் வழக்கமான கிழக்கு மேற்குப் போக்கு இங்கே இல்லை. உடலோடு பொருள்கள் வைக்கப்படவில்லை. சவப்பெட்டிகளில் மட்டும் இரும்பு ஆணிகள் இருந்தன. சவப்பெட்டியில் உலோகத்தைத் தவிர்ப்பது யூத மரபு என்பதால், இது யூத இடுகாடுதானா என்ற விவாதத்துக்கு அந்த ஆணிகளும் ஒரு காரணம். யூத சமயத் தலைமை கேட்டுக்கொண்டபடி 1984இல் எலும்புகள் மீண்டும் புதைக்கப்பட்டன. அதனால் ஆய்வுக்குக் கிடைத்த காலம் குறைவு.

குழிகள் ஒன்றையொன்று வெட்டாததற்குக் காரணம் சமய விதி. அடக்கம் செய்யப்பட்டவருக்கு அந்த இடம் என்றென்றும் சொந்தம். அதைக் கலைக்கக் கூடாது. கிறிஸ்தவர் கல்லறைத் தோட்டத்தில் பழைய குழியை வெட்டிக்கொண்டு புதிய குழி இறங்கும். எது முந்தியது என்பதை அந்த வெட்டே காட்டிக்கொடுத்துவிடும். யூத இடுகாட்டில் அந்தச் சான்று இல்லை. காலம் காட்டக்கூடிய நாணயமோ பானையோ உடலோடு வைக்கும் வழக்கமும் பெரும்பாலும் கிடையாது. தொல்லியலாளர் நம்பியிருக்கும் இரண்டு கருவிகளையும் ஒரே மரபு பறித்துவிடுகிறது என்றே சொல்ல வேண்டும். பிராக் நகரின் பழைய யூத இடுகாட்டில் இடம் போதாதபோதும் பழைய குழிகளைக் கலைக்காமல் மேலே மண் கொட்டி, அதன்மேல் அடுத்த அடுக்கைப் புதைத்தார்கள்; கீழிருந்த கற்களை மேலே தூக்கி நட்டார்கள். அங்கே 1439ஆம் ஆண்டுக் கல்லும் அதற்கு மிகவும் பிந்திய கற்களும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன.

எலும்பில் கார்பன்-14 சோதனை செய்யலாம். ஆனால் அது ஓர் ஆண்டைச் சொல்லாது. பல பத்தாண்டு அகலமுள்ள ஓர் இடைவெளியையே தரும். மீன் அதிகம் உண்டவரின் எலும்பு உண்மையைவிடப் பழையதாகத் தோன்றும் என்ற சிக்கலும் உண்டு. 113 ஆண்டே புழங்கிய இடுகாட்டுக்கு இதனால் கிடைக்கும் கூடுதல் செய்தி சொற்பம்.

ஆண்டைச் சொல்வது கல்லறைக் கல்தான். ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகர இடுகாட்டில் 11ஆம் நூற்றாண்டுக் கற்கள் இன்றும் நிற்கின்றன. எபிரேயத்தில் எழுத்தே எண்ணாகவும் பயன்படும். ஆண்டு, உலகம் படைக்கப்பட்டதாகக் கொள்ளும் நாளிலிருந்து எண்ணப்படும். ஆயிரத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். சக ஆண்டோடு 78 கூட்டுவதுபோல, 5109 என்பதன் சுருக்கமான 109உடன் 1240 கூட்டினால் 1349 வரும். ஆண்டு இலையுதிர் காலத்தில் பிறப்பதால், மாதம் தெரியாவிட்டால் 1348/49 என்றே எழுத வேண்டும். அது கொள்ளைநோய்க்கு யூதர்களே காரணம் என்று பழிசுமத்தி, ரைன் கரை நகரங்களில் அவர்களைக் கொன்று குவித்த ஆண்டு. கீழை நாட்டு யூதர்கள் பலர் கி.மு. 312இல் தொடங்கும் செலூக்கிய ஆண்டைப் பயன்படுத்தினர்; அதற்குக் கழித்தல் கணக்கு.

கல் தேய்ந்துவிட்டால் கணக்கே தடுமாறும். 4ஐக் குறிக்கும் தாலெத்துக்கும் 200ஐக் குறிக்கும் ரேஷுக்கும் வேறுபாடு மூலையில் ஒரு சிறு நீட்டல்தான். 5ஆன ஹேயில் இடப்பக்கம் ஒரு மெல்லிய இடைவெளி உண்டு. பாசி அதை அடைத்துவிட்டால் 8ஆன ஹெத்தாகத் தெரியும். ஆகவே ஒளியைப் பக்கவாட்டில் பாய்ச்சி, நிழலை வைத்துப் படிப்பது வழக்கம்.

கல் இடம்பெயரும் என்பது இதைவிடப் பெரிய சிக்கல். யூதர்களை விரட்டிய ஊர்கள் அவர்களின் கல்லறைக் கற்களைக் கட்டடக் கல்லாக்கின. வூர்ட்ஸ்பர்க்கில் 1987இல் ஒரு கட்டடத்தை இடித்தபோது, சுவருக்குள்ளிருந்து சுமார் 1,500 கற்களும் துண்டுகளும் வெளிவந்தன; அவற்றின் காலம் 1147 முதல் 1346 வரை. ஆண்டு துல்லியம், ஆனால் எந்தக் கல் எந்தக் குழிக்குரியது என்பது போய்விட்டது.

எர்ஃபர்ட் நகரில் சான்றுகள் ஒன்றோடொன்று சேர்கின்றன. அங்கிருந்த யூதர்கள் 1349 படுகொலையில் அழிந்தனர். 1354 முதல் புதிதாக வந்தவர்கள் குடியேறி அதே இடுகாட்டைப் பயன்படுத்தினர். 15ஆம் நூற்றாண்டின் நடுவில் அவர்களும் வெளியேற நேர்ந்தது. பிறகு அதன்மேல் தானியக் களஞ்சியம் எழுந்தது. அந்த அடித்தளத்துக்குக் கீழே உள்ள குழிகள் அதற்கு முந்தியவை என்பதில் ஐயமில்லை. 2013இல் களஞ்சியத்தை வாகன நிறுத்தமாக மாற்றுமுன் 47 கல்லறைகள் அகழப்பட்டன. எலும்பைச் சிதைக்காமல், தானாகக் கழன்ற பற்களை மட்டும் எடுக்க உள்ளூர் யூத சமூகம் இசைந்தது. 33 பேரின் மரபணு முடிவுகள் 2022இல் வெளியாயின. மரபணு வகையில் அவர்கள் இரு குழுக்களாகப் பிரிந்தனர். நெருங்கிய உறவினர் சிலரும் தெரியவந்தனர். ஒன்றையொன்று வெட்டாத குழிகள் தராத முன்பின் வரிசையை உறவுமுறை ஓரளவு தரலாம். ஆனால் பிள்ளை தந்தைக்கு முன்பே இறந்திருக்கவும் கூடும். அதனால் அதைக் கார்பன் கணிப்போடு ஒட்டிப் பார்த்துத்தான் பயன்படுத்த வேண்டும்.

அன்புடன்,
சித்தப்பா