மாறியும் மாறிலியும்

இயற்கணிதம் என்றதும் அஞ்ச வேண்டியதில்லை. மாறும் அளவை மாறி என்றும், மாறாத அளவை மாறிலி என்றும் கூறுகிறோம். பாயா ரும்புட் வட்டாரத் தோட்ட மக்கள் நன்கறிந்த பால் கணக்கிலேயே இவ்விரண்டையும் காணலாம்.

இரப்பர்ப் பாலில் பெரும்பகுதி நீரே. 100 கிலோ பாலில் ஏறக்குறைய 30 முதல் 40 கிலோ வரையே உலர்ந்த இரப்பர் உண்டு. பாலின் எடையை 'ப' என்றும், இரப்பர் விழுக்காட்டை 'வ' என்றும் கொள்வோம்.

உலர்ந்த இரப்பர் = ப × வ ÷ 100

எண்ணுக்குப் பதிலாக எழுத்தா என வியக்க வேண்டாம். பிரெஞ்சு அறிஞர் டெக்கார்ட் 1637ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலும் அளவுகளை எழுத்துகளால் குறித்தார்.

20 கிலோ பாலில் விழுக்காடு 35 எனில் இரப்பர் 7 கிலோ; விழுக்காடு 30 எனில் 6 கிலோவே. பாலின் எடை நாள்தோறும் மாறும். விழுக்காடு மரத்தின் இனத்தாலும் பருவத்தாலும் மாறும். ஆகவே, ப, வ இரண்டும் மாறிகள். 100 என்றும் மாறாது, அது மாறிலி.

இரப்பரின் எடைக்கேற்பக் கூலி தரப்படுமிடத்தில், பாலின் எடையை மட்டும் பார்த்தல் போதாது. விழுக்காட்டையும் கேட்டறிதல் வேண்டும். உழைத்தவர் கூலியைச் சரிபார்க்க இவ்வொரு வரிக் கணக்கே துணை. பெற்றோர்களே, பிள்ளைகளோடு அமர்ந்து இதனைச் செய்து பாருங்கள்.

பயிற்சி: 25 கிலோ பாலில் விழுக்காடு 32 எனில் உலர்ந்த இரப்பர் எவ்வளவு? (விடை: 8 கிலோ)