ஒரு கருவிக்கு இரு மின்வழி: இணைக்கும் முறை

இந்தியாவின் முதற் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904ஆம் ஆண்டில் தோன்றிய திரூர், நம் செவ்வாப்பேட்டைக்கு அண்மையில் உள்ளது. அந்நாளில் சங்கம் நடத்தப் பேரேடும் மண்ணெண்ணெய் விளக்கும் போதுமாயிருந்தன. இன்றோ எடைத்தராசு, கணினி, தறிக்கூடத்து ஜக்கார்டுப் பெட்டி ஆகிய யாவும் மின்சாரத்தை நம்பியுள்ளன. 2016 டிசம்பர் 12ஆம் நாள் வீசிய வர்தா புயலில் திருவள்ளூர் மாவட்டம் இருளில் மூழ்கியதை உறுப்பினர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய நாள்களை எண்ணியே ஜெனரேட்டரும் பேட்டரியும் வாங்கி வைக்கின்றோம். வாங்குவது எளிது, இணைப்பதில்தான் ஆபத்து உள்ளது. அதனை இம்மாதப் பாடமாகக் கொள்வோம்.

முதல் விதி யாதெனில், மின்வாரியத்தின் மின்சாரமும் ஜெனரேட்டரின் மின்சாரமும் ஒரே கம்பியில் ஒரே நேரத்தில் சேரலாகாது என்பதாம். இரண்டும் 230 வோல்ட்தானே, சேர்ந்தால் என்ன எனச் சிலர் வினவுவர். மாறுமின்னோட்டம் நொடிக்கு 50 சுற்றுகளாக ஏறியிறங்குவது. ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்குமாயின், இரண்டுக்கும் இடையே 460 வோல்ட் வரை வேறுபாடு நேரும். ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள் எதிரெதிர்த் திசையில் இழுத்தாற்போல, ஜெனரேட்டரின் சுருள் கருகும், தீயும் பற்றலாம்.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்திற்கு ஆய்வுக்குச் சென்றிருந்தோம். அங்கே இரு முனையிலும் பிளக் பொருத்திய ஒரு கம்பியைக் கண்டோம். அதன் ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறுமுனையைச் சுவரிலிருந்த பிளக் பாயிண்டிலும் செருகிக் கட்டடம் முழுவதற்கும் மின்சாரம் எடுத்து வந்தனர். “மெயினை அணைத்துவிட்டுத்தான் போடுவோம், ஐயா. மாற்றுச் சுவிட்ச் வாங்கும் செலவு மிச்சம்” என்றார் செயலாளர். “அணைக்க மறக்கும் ஒரு நாள் வந்தால்?” என்றோம். அவரிடம் விடையில்லை.

அந்நாளில் நேர்வது இதுதான். தெருவிலுள்ள டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டைக் குறைத்து நமக்குத் தருகிறது. நம் பக்கமிருந்து மின்சாரத்தைச் செலுத்தினால் அதுவே தலைகீழாக வேலை செய்து, 230 வோல்ட்டை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்திவிடும். மின்சாரம் இல்லையென நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் அக்கம்பியைத் தொடுவார். அவரும் நம்மைப் போல ஒரு குடும்பத்தின் தலைவரே. நாம் மிச்சப்படுத்திய பணம் அவர் உயிருக்கு ஈடாகுமா?

ஆகவே, இடையில் ‘நிறுத்தம்’ உடைய மாற்றுச் சுவிட்சையே (சேஞ்ச் ஓவர் சுவிட்ச்) பொருத்துதல் வேண்டும். அதன் கைப்பிடி ஒரு பக்கத்தை விட்டே மறுபக்கத்தைப் பற்றும். மறதிக்கு அங்கே இடமில்லை. ஃபேஸ் கம்பியோடு நியூட்ரல் கம்பியும் மாறவேண்டுமாதலால், ஒற்றை ஃபேஸுக்கு இருமுனைச் சுவிட்சும், மூன்று ஃபேஸுக்கு நான்குமுனைச் சுவிட்சும் தேவை. எர்த்துக் கம்பியைச் சுவிட்சின் வழியே கொண்டுசெல்லலாகாது. உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே இவ்வேலையைச் செய்விக்க வேண்டும்.

அடுத்து, எடைத்தராசு போன்ற சிறு கருவிகளைக் காண்போம். 12 வோல்ட் அடாப்டரையும் 12 வோல்ட் பேட்டரியையும் நேராகச் சேர்த்துக் கட்டுவது தவறு. பெயர் ஒன்றாயினும் அளவு ஒன்றன்று. நிறைந்த ஈய அமிலப் பேட்டரி ஏறத்தாழ 12.7 வோல்ட் காட்டும்; சார்ஜ் ஏறும்போது 14.4 வரையும் செல்லும். எனவே ஒன்றின் மின்னோட்டம் மற்றொன்றினுள் புகுந்து அதனைக் கெடுக்கும். இதனைத் தடுப்பது டையோடு. பம்புசெட்டின் ஃபுட் வால்வு நீரை மேலே விட்டுக் கீழே விடாததுபோல, டையோடும் மின்னோட்டத்தை ஒரு திசையிலேயே விடும். ஒவ்வொரு மின்வழியின் நேர்முனையிலும் ஒரு டையோடு வைத்துச் சேர்க்கவேண்டும்; எதிர்முனைகள் ஒன்றாக இணையவேண்டும். டையோடு, கருவி இழுக்கும் ஆம்பியரைப் போல் இருமடங்கு தாங்குவதாயிருத்தல் நலம். அதில் சுமார் 0.7 வோல்ட் குறையும் என்பதையும் கணக்கிற் கொள்க. பேட்டரியின் நேர்முனையை ஒட்டி ஒரு ஃபியூஸ் கட்டாயம் வேண்டும்.

இங்கும் ஒரு நுட்பம் உண்டு. வோல்ட் மிகுந்த வழியே முதலில் வேலை செய்யும். 12 வோல்ட் அடாப்டர் சும்மா இருக்க, நிறைந்த பேட்டரியே தேயும். மின்சாரம் நிற்கும் நாளில் அது வெறுமையாயிருக்கும். ஆகையால், அடாப்டர் உள்ளவரை பேட்டரியைப் பிரித்து வைக்கும் ரிலேயைப் பொருத்துவது சிறந்தது. எதனைச் செய்யுமுன்னும், கருவியின்மேல் எழுதியுள்ள வோல்ட் அளவைப் படித்துக்கொள்க.

கூரையில் சூரியத் தகடு வைத்து மின்வாரியக் கம்பியோடு இணைத்த உறுப்பினர் சிலர், மின்சாரம் நின்றால் அதுவும் நின்றுவிடுகிறதே எனக் குறைபடுகின்றனர். அது பழுதன்று, லைன்மேனைக் காக்கவே அந்த இன்வர்ட்டர் தானே நின்றுகொள்கிறது. ஓர் இயந்திரம் காட்டும் அக்கறையை நாமும் காட்டவேண்டாமா?

நாம் கண்ட அச்சங்கம் அடுத்த நிருவாகக் குழுக் கூட்டத்திலேயே தீர்மானம் இயற்றி மாற்றுச் சுவிட்ச் பொருத்தியது. இருமுனைக் கம்பி வெட்டி எறியப்பட்டது. உங்கள் சங்கத்திலும் அத்தகைய கம்பி உளதா என இன்றே பாருங்கள். பிறர் நலத்தில் தன் நலம் காண்பதே கூட்டுறவு; அது கம்பத்தின்மேல் நிற்பவருக்கும் உரியதே.